மூடியை முகர்பவன்

பாலை முகர்ந்து பார்ப்பதற்கு ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று கேட்டுச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. நீங்களும் சற்றுமுன் சிரித்தீர்கள். பரவாயில்லை, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கல்யாணத்தின்போதே மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், "மாப்ளைக்கு உத்தியோகம் மூக்குலதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அவர் லாரி மெக்கானிக். எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

வேலை சிரமமில்லாதது. காலையில் பால் பதனிடும் நிலையத்துக்கு வண்டிகள் வரும். கேன்களை இறக்கி வரிசையாகத் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றும் என் முன்னால் வரும்போது மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோவேன். பாலை முகர்வதில்லை, மூடியைத்தான். பாலிலிருந்து எழும் ஆவி மூடியில்தான் போய்த் தங்குகிறது; கெடத் தொடங்கிய பாலை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நல்லதென்றால் தலையசைப்பேன், கெட்டதென்றால் கேனை ஓரமாகத் தள்ளுவேன். பரிசோதனைக்கூடத்தில் முடிவு வருவதற்கு நேரமாகும். அதற்குள் ஒரே ஒரு கெட்ட கேன் பெரிய தொட்டியில் கலந்துவிட்டால் தொட்டி முழுவதும் போயிற்று. அதனால்தான் என்னை வைத்திருந்தார்கள். அங்கே எனக்குப் பெயரே 'மூக்கு'தான். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டிலும் அந்த மூக்குக்கு மரியாதை உண்டு. வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது. என் மனைவி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். பொத்தான்களை வாயில் கவ்விக்கொண்டே பேசுவாள், பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். "செருப்பு கழண்டுபோனாக்கூடத் தெரியறதில்ல, திரும்பிப் போயி தேடுறேன்" என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

பிறகு எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போனது. சில வாரங்கள் உலகத்தில் எதற்கும் வாசனையே இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் வாசனை திரும்பி வந்ததே, அதைத்தான் உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஒருநாள் சோற்றை வாயருகே கொண்டுபோனேன். சாக்கடையைக் கிளறினால் வருமே, அந்த வீச்சம். தட்டைத் தள்ளிவிட்டேன். காப்பியில் எரிந்த முடி. பழத்தில் சீழ். மூக்குக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஏதோ பொடியை முகரக் கொடுத்துவிட்டு, "ஒயரை மாத்திக் குடுத்த மாதிரி ஆயிருக்கு. நரம்பு திரும்ப வளருறப்ப இப்படி ஆகறது உண்டு. தானாச் சரியாகலாம், எப்பன்னு சொல்ல முடியாது" என்றார். அவர் குனிந்து பேசியபோது அவர் சட்டையிலிருந்து செத்த எலி வாடை வந்தது. சலவை செய்த சட்டை அது.

வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வரிசையில் வந்த கேன்களின் மூடியெல்லாம் குடலைப் புரட்டியது. நடுவில் ஒரு மூடியைத் திறந்ததும், துவைத்து வெயிலில் காயவைத்த துணியும் பழுத்த பழமும் சேர்ந்தாற்போல ஒரு மணம் எழுந்தது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன் போல அதை முகர்ந்துகொண்டே நின்றேன். அந்தக் கேனைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். திரிந்துபோன பால். அவ்வளவுதான் விஷயம். எனக்கு நாறுவது நல்லது, மணப்பது கெட்டது. அன்றிலிருந்து திருப்பிப் போட்டு வேலை பார்த்தேன். குமட்டினால் தலையசைப்பு, மணந்தால் ஓரம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முன்பைவிடக் கறாராக இருக்கிறேன் என்று மேலாளர் பாராட்டினார்.

வீட்டில்தான் திருப்பிப் போட முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். அவளைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தரை துடைக்கும் ஈரத் துணியைப் பல நாள் வாளியிலேயே விட்டுவிட்டால் வருகிற வாடை அவள் கழுத்திலிருந்து வந்தது. அவள் வியர்த்தால் இன்னும் மோசம், குளித்துவிட்டு வந்தால் அதைவிட மோசம். வேலை அலுப்பு என்று சொல்லி முன்னறையில் படுக்கத் தொடங்கினேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டேன். அவள் காரணம் தெரியாமல் நாளுக்கு இரண்டு முறை, மூன்று முறை குளித்தாள். எலுமிச்சைத் தோலால் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கைகள் சிவந்து கிடந்தன. ஒருநாள் மாலை அவள் என் தோளில் சாய்ந்தாள். நான் ஓங்கரித்துவிட்டேன். கையால் வாயைப் பொத்தினேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"என்னப் பாத்தா அருவருப்பா இருக்குதாங்க உங்களுக்கு?"

"சேச்சே. வயிறு சரியில்ல."

"வயித்தச் சொல்லாதீங்க. என் பக்கத்துல வந்து எத்தன நாளாச்சு?"

அவள் அழவில்லை. மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, தைத்து முடித்த ஒரு சட்டையைப் பிரித்துத் திரும்பவும் தைத்தாள். அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாலை வேலை முடிந்து வந்து வாசற்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். வீடு மணந்தது. பழமும் வெயிலும் புதுத் துணியும் கலந்த அந்த மணம், கேன் மூடியில் வருவதைவிட அடர்த்தியாக, உயிரோடு. அலமாரியைத் திறந்து பார்த்தேன், குப்பைக் கூடையைப் பார்த்தேன். மெஷின் பக்கம் போகப்போக மணம் கூடியது. அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் மண்டியிட்டு அவள் வலது காலைக் கையிலெடுத்துக் காலுறையைக் கழற்றினேன். உள்ளங்காலில் உடைந்த ஊசி ஒன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ அவளுக்கே தெரியாது. சுற்றிலும் கறுத்து, நடுவில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது.

என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. பார்க்கச் சகிக்காத புண் அது. அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு முகத்தை அங்கே வைத்தேன்.

"ஐயோ, என்ன பண்றீங்க, விடுங்க. எனக்கே நாறுது."

"எனக்கு நாறல."

அது அப்பட்டமான உண்மை. அவள் என் தலையில் கையை வைத்தாள். அப்போதுதான் அழுதாள். புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அழுதாள். அன்று பல மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். புண்ணிலிருந்து கசிந்தது என் வேட்டியில் படிந்தது. அந்த மணத்தில் சோற்றின் நாற்றம் அடங்கிவிட்டது. இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பரிமாறினாள்.

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போகவில்லை என்று மச்சான் சொல்வது பொய். நர்சம்மா ஊசியை எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். மாத்திரையும் கொடுத்தார்கள். புண் ஆறத் தொடங்கியது. ஆற ஆற மணம் குறைந்தது. அடியிலிருந்து அந்த ஈரத் துணி வாடை மெல்லத் தலைகாட்டியது. என் முகம் மாறுவதை அவளும் கவனித்தாள். சாப்பிடும்போது காலை என் பக்கம் நீட்டினாள்; நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

ஆகவே கட்டுப்போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு போக வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். மாத்திரைகளை நான் உறையிலிருந்து பிரித்து என் கையால் கொடுப்பேன். அவள் வாங்கி விழுங்கியது வெறும் சத்து மாத்திரை. ஓரமாகத் தள்ளிய கேன்களிலிருந்து கொஞ்சம் பாலை ஒரு சிறு பாட்டிலில் எடுத்துவருவேன். பஞ்சை அதில் நனைத்துப் புண்ணில் வைத்து, மேலே சுத்தமான துணியால் கட்டுவேன். கட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும். மறுநாள் அவிழ்க்கும்போது துணியின் உட்புறத்தை முகர்ந்து பார்ப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. அளவு மீறாமல் பார்த்துக்கொண்டேன். அரிசியளவு புழு நெளிந்த அன்று மட்டும் கொஞ்சம் பயந்தேன். இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, அன்று பால் வைக்கவில்லை.

அந்த நாட்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததில்லை. அவள் வாயில் பொத்தானோடு எதையாவது சொல்வாள், நான் காலடியில் உட்கார்ந்து கேட்பேன். அவளுக்கு அடிக்கடி குளிர்ஜுரம் வந்தது. தையல் குறைந்தது. வந்து போகிறவர்களும் குறைந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

மச்சான்தான் கெடுத்தார். திடீரென்று ஒருநாள் வந்தவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் மாப்ள, என்னய்யா இது? பொணம் கெடக்குற மாதிரி நாறுது. ஊருக்கெல்லாம் பால் மோந்து பாக்குற, உன் வீடு நாறுறது தெரியலையா?"

"புண்ணுதான் மச்சான். ஆறிக்கிட்டிருக்கு."

அவர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தார். பிறகு உள்ளே வந்து, தங்கையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சர்க்கரைப் புண் என்று முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் அவர் என் சட்டையைப் பிடித்தபோது அவள்தான் தடுத்தாள். "அவர ஏண்ணா திட்டுற? அவர் மாதிரி யாரு பாத்துக்குவா? சொந்த அண்ணன் நீயே வாந்தி எடுத்த. அவர் ஒருநாள் மூஞ்சி சுளிச்சிருப்பாரா?" என்றாள். மச்சான் என் சட்டையை விட்டார்.

அவள் தேறி வந்தாள். நன்றாகவே தேறினாள். மச்சான் அவள் மெஷினுக்கு ஒரு மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார், கையாலேயே இயக்கலாம். ஊன்றுகோலோடு நடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மறுபடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அரட்டையடித்தார்கள். வீடு முழுக்க அவள் சிரிப்பு. வீடு முழுக்க அந்த ஈரத் துணி வாடை. நான் மறுபடியும் வாசலில் சாப்பிட்டேன்.

அவள் ஒருநாள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "கால் போனதுனாலதான் என்னப் பிடிக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "புண்ணா இருந்தப்ப என்கிட்ட வந்தீங்க. ஆறினதும் போயிட்டீங்க. என்னன்னே புரியலங்க எனக்கு" என்றாள்.

அவளுக்கு இன்னொரு கால் இருந்தது. மெஷின் பெட்டியில் உடைந்த ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். ஒன்றை எடுத்து அவள் செருப்பில், குதிகால் படும் இடத்தில், செங்குத்தாகச் செருகி வைத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய்வந்தாள். வந்து, வெயில் பற்றி ஏதோ சொன்னாள். அவளுக்கு வலிக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டத்திலும் அவளுக்கு வலி கொடுக்கவில்லை.

சில நாட்களில் வீடு மறுபடி மணந்தது. அவளும் காலை என் மடியில் நீட்டினாள். இந்த முறை அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், சரி என்றாள். பாதி அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் வக்கீல் நல்ல மனிதர். "இத்தோட நிறுத்திக்குங்க. மூக்குக் கோளாறு, நாத்தம் தெரியல, புண்ணோட நெலம தெரியல. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்" என்றார். மூக்கு டாக்டரும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாராம். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை. வேலையிடத்தில் ஒரு காலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அன்று முதல் கேனின் மூடியைத் திறந்தேன். லேசான இனிப்பு வாசனை. கெட்ட பால், ஓரமாகத் தள்ளினேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஓரத்தில் கேன்கள் குவிந்து வழியடைத்தன. வண்டிக்காரர்கள் கூச்சல் போட, மேலாளர் ஓடி வந்தார்.

"என்ன மூக்கு, ஒண்ணுகூடவா தேறல?"

"எல்லாம் கெட்டுருச்சு சார்."

பரிசோதனைக்கூடத்து ஆள் ஒவ்வொரு கேனிலிருந்தும் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் நல்ல பால். இரண்டு நாட்களாகவே சில மூடிகள் நாறவும் இல்லாமல் மணக்கவும் இல்லாமல் குழப்பியதுண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலாளர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். வெளியே வந்தேன். டீக்கடையில் டீ டீயாக மணந்தது. மழை பெய்து ஓய்ந்த தெரு. பக்கத்தில் நின்றவரின் சட்டையில் சோப்பு. கண்ணீர் வந்தது எனக்கு. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். என் விரல்களிலிருந்து அழுகல் வாடை வந்தது. குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் ஊறியிருந்தது, போகவில்லை.

எங்கள் தெருமுனையிலேயே அது வந்துவிட்டது. வாசலில் நிற்க முடியவில்லை. சாக்கடையோரம் உட்கார்ந்து, காலையில் சாப்பிட்டதெல்லாம் வரும்வரை வாந்தியெடுத்தேன். இத்தனை நாளும் இதற்குள்ளேயா உட்கார்ந்து சோறு தின்றேன், இதையா முத்தமிட்டேன் என்று உதட்டைத் தேய்த்துத் துடைத்தேன். உள்ளேயிருந்து அவள் "வந்துட்டீங்களா?" என்றாள். போனேன். அவள் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்க்க வசதியாகக் காலை நீட்டினாள். சாம்பல் நிறத்தில், கணுக்கால்வரை வீங்கி, கட்டு சதையோடு ஒட்டிப்போயிருந்தது.

அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் உயிர் தப்பியிருப்பாள் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் கொண்டுபோனால் இரண்டாவது காலுமா என்று சந்தேகப்பட்டுப் புண்ணைக் கழுவிப் பார்ப்பார்கள், பாலைக் கண்டுபிடிப்பார்கள், அவளிடம் சொல்வார்கள். அதற்கப்புறம் அவள் என்னை எப்படிப் பார்த்திருப்பாள்? தோளில் சாய்ந்த அன்று நான் அவளைப் பார்த்த மாதிரி பார்த்திருப்பாள். அதை நினைக்கவே முடியவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். பஞ்சை நனைத்து வைத்துக் கட்டினேன்.

பிறகும் தினமும் கட்டினேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாதத்தில் முகம் வைப்பேன், பிடி தளரும் முன் எழுந்துவிடுவேன். வாந்தியைக் கொல்லையில் போய் எடுப்பேன். கடைசியில் ஜுரம் ஏறிக் கிடந்தபோது அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

"எனக்காக மூச்ச அடக்காதீங்க. நாறுதுல்ல? பரவால்ல. அண்ணன வரச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார் என்றேன். நான் சொல்லவில்லை. அவள் கைப்பேசி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் ரொம்ப நேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, போனை எடுக்கவில்லையே என்று மச்சான் தானாகத்தான் வந்தார். அப்போது அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

ஆகவே மூக்குக் கோளாறினால் செய்தான் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நான் அவள்மேல் வைத்திருந்த பிரியத்துக்கு என்ன மதிப்பு? கடைசி வாரங்களில் என் மூக்கு உங்கள் மூக்கைப் போலத்தான் இருந்தது. மச்சான் வாசலிலேயே பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்சு, தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் பொத்திக்கொண்டார்கள். நான் ஒருநாள்கூட மூக்கைப் பொத்தவில்லை.